மிதிவண்டியில் செல்லும்போது நாய் துரத்தி விழுந்தால்: விழுந்த காயமும் பல் பட்ட காயமும்

கீழ்பென்னாத்தூர், சோமாசிபாடி, வேட்டவலம் ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களிலும் மிதிவண்டி இன்றும் அன்றாட வாகனமாகவே உள்ளது. மேல்நிலைப் பள்ளி மாணவ மாணவியர் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்கின்றனர். விடியற்காலையில் பால் கொண்டு செல்வோரும், கொல்லைக்கும் வயலுக்கும் போகும் முதியவர்களும் மிதிவண்டியையே நம்பியுள்ளனர். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையிலும் காலை வேளையில் மிதிவண்டி ஓட்டுவோர் உண்டு. இச்சாலைகளில் இறைச்சிக் கடை ஓரத்திலும், உணவகத்தின் பின்புறத்திலும், குப்பை கொட்டும் இடத்திலும் தெருநாய்கள் கூடுகின்றன. நாய் துரத்துகிறது, ஓட்டுபவர் அச்சத்தில் திரும்பிப் பார்க்கிறார், கைப்பிடி திரும்பி வண்டி சாய்கிறது.

இவ்வாறு விழுந்தவர் மருத்துவமனைக்கு வரும்போது பெரும்பாலும் "வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன்" என்று மட்டுமே கூறுவார். வீங்கிய மணிக்கட்டும் கிழிந்த முழங்காலும் அனைவரது கவனத்தையும் ஈர்த்துக்கொள்ளும். மணிக்கட்டுக்கு எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிடுவர். கெண்டைக்காலில் சேற்றுக்கும் சங்கிலி மசகுக்கும் நடுவே இருக்கும் சிறு கீறலை ஒருவரும் பார்ப்பதில்லை. எலும்பு முறிவு ஆறு வாரங்களில் கூடிவிடும். அந்தக் கீறல் நாயின் பல்லால் ஏற்பட்டிருந்து, நாய்க்கு வெறிநோய் இருந்திருந்தால், அதுவே உயிரைப் பறிக்கும். ஆகவே மருத்துவரிடம் முதலில் கூற வேண்டிய செய்தி "நாய் துரத்தியதால் விழுந்தேன்" என்பதாகும். இப்பக்கம் அதை மையமாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது.

தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டில் 4,80,000க்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாயின. அவ்வாண்டில் வெறிநாய்க்கடி நோயால் 43 பேர் இறந்தனர். கடிபட்டோர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இறந்தோர் எண்ணிக்கை சிறிதே. கடிபட்டவர்கள் பெருமளவில் தடுப்பூசி போட்டுக்கொள்வதே அதற்கு முதன்மையான காரணம். நோயின் அறிகுறிகள் தோன்றிய பின்னர் பிழைத்தவர்கள் உலகம் முழுவதிலும் மிகச் சிலரே. மனிதருக்கு ஏற்படும் வெறிநாய்க்கடி நோயில் ஏறத்தாழ 99 விழுக்காடு நாய்கள் மூலமாகவே பரவுகிறது என்றும், வெறிநோய் உள்ளதாக ஐயுறப்படும் விலங்குகளால் கடிபடுவோரில் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்ட சிறார் என்றும் உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது.

பல் பட்ட காயத்தைக் கண்டறிதல்

தார்ச்சாலையில் உரசிய சிராய்ப்பையும் நாயின் பல்லோ நகமோ ஏற்படுத்திய கீறலையும் பார்வையால் பிரித்தறிவது எளிதன்று. இரண்டும் பெரும்பாலும் ஒரே காலில், ஒரே உயரத்தில் இருக்கும். மிதிகட்டையின் விளிம்பும் சங்கிலியின் பற்களும் கூட அதே இடத்தில் கீறலை ஏற்படுத்தக்கூடும். விழுந்த பரபரப்பில் வலி எங்கிருந்து வந்தது என்பதும் நினைவில் தெளிவாக இராது.

எனவே நாய் உடலைத் தொட்டதா என்பதை ஆராய்ந்து பார்க்கவும். கால்சட்டை, பாவாடை, வேட்டி ஆகியவற்றின் கீழ்ப்பகுதியில் துளையோ கிழிசலோ ஈரமோ உள்ளதா எனக் காணவும். துணி கிழியாமலேயே அதன் அடியில் தோல் கிழிந்திருக்கலாம். கெண்டைக்கால், குதிகால், தொடையின் பின்புறம் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் மற்றொருவர் பார்ப்பது நல்லது. நாய் தொட்டது உறுதி, ஆனால் எந்தக் காயம் எதனால் ஏற்பட்டது என்பது விளங்கவில்லை என்றால், அக்காலில் உள்ள அனைத்துக் காயங்களையும் நாய்க்கடியாகவே கருதிச் சிகிச்சை பெற வேண்டும். விழுந்து கிடப்பவரின் சிராய்ப்பை நாய் நக்கியிருந்தாலும் அது கடிக்கு இணையானதே. உமிழ்நீரில் உள்ள கிருமி திறந்த காயத்தின் வழியே உட்செல்லும்.

சிறுவர்களைப் பற்றி ஒரு சொல். மிதிவண்டியைச் சேதப்படுத்தியதற்காகவோ, போகக் கூடாது என்று சொன்ன வழியில் போனதற்காகவோ திட்டு விழும் என்று அஞ்சும் பிள்ளை நாய் கடித்ததை மறைத்துவிடும். காயத்துடன் வீடு திரும்பும் பிள்ளையைக் கடிந்துகொள்வதற்கு முன் "நாய் ஏதாவது வந்ததா?" என்று அமைதியாகக் கேளுங்கள். மறுநாளும் ஒருமுறை கேளுங்கள்.

விழுந்தவுடன் செய்ய வேண்டியவை

முதலில் சாலையின் நடுவிலிருந்து விலகவும். எனினும் கழுத்திலோ முதுகிலோ கடும் வலி உள்ளவரை, கை கால் மரத்துப்போனவரை, நினைவு தடுமாறியவரைக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது. போக்குவரத்தை நிறுத்தி, 108 அவசர ஊர்தியை அழைத்து, அசையாமல் வைத்திருக்க வேண்டும். குருதி பீறிட்டு வழிந்தால் தூய துணியால் அழுத்திப் பிடிப்பதே முதல் வேலை.

இத்தகைய ஆபத்து எதுவும் இல்லையெனில், நாயின் பல்லோ நகமோ பட்ட இடத்தை ஓடும் நீரில் சோப்பு இட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். வயலில் ஓடும் மோட்டார் நீரோ, தெருக் குழாயோ, அருகிலுள்ள வீட்டில் கேட்டுப் பெறும் ஒரு குடம் நீரோ போதும். குளியல் சோப்பு, துணி சோப்பு எதுவாயினும் பயன்படும். 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீண்ட நேரம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவவும். இந்நோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பினால் ஆனது. சோப்பு அதைச் சிதைத்துவிடும். கிருமி நரம்பினுள் நுழையும் முன்னரே அதன் அளவைக் குறைக்கும் இந்த எளிய செயலுக்கு ஈடான முதலுதவி வேறில்லை. கழுவிய பின் பொவிடோன் அயோடின் கிடைத்தால் தடவலாம்.

சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், காப்பித்தூள், எண்ணெய், மண் ஆகியவற்றைக் காயத்தில் வைக்கக் கூடாது. இவை காயத்தை எரிச்சலூட்டிக் கிருமி உட்புக வழிசெய்வதுடன் மருத்துவர் காயத்தைப் பார்ப்பதற்கும் தடையாகின்றன. மந்திரித்துக் கயிறு கட்டுவதில் மன ஆறுதல் பெறுவோர் அதைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகு செய்துகொள்ளட்டும்.

தையலும் மாவுக்கட்டும்: மருத்துவரிடம் ஏன் சொல்ல வேண்டும்

விழுந்ததால் ஏற்பட்ட ஆழமான வெட்டுக்காயத்தை மருத்துவர் வழக்கமாக உடனே தைத்துவிடுவார். நாய்க்கடிக் காயத்தில் அவ்வாறு செய்வதைக் கூடியவரை தவிர்க்கின்றனர். தைக்கும்போது கிருமி மேலும் ஆழமாகத் திசுக்களுக்குள் செல்லக்கூடும் என்பதே காரணம். முகத்திலோ பெருங்குருதிப் போக்கு உள்ள இடத்திலோ தைத்தே ஆக வேண்டிய நிலை வரின், முதலில் இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்தினுள் செலுத்திவிட்டு, தளர்வாக, இயன்ற அளவு குறைந்த தையல்களே இடப்படும். நாய் வந்ததை நீங்கள் கூறாவிடில் மருத்துவருக்கு இவ்வேறுபாடு தெரிய வழியில்லை.

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும்போதும் இதே நிலை. கணுக்கால் முறிந்தவரின் காலில் பல் பட்ட காயம் இருந்தால், அது மாவுக்கட்டுக்குள் மறைந்து சீழ் பிடிக்கலாம். சொன்னால், காயத்தைத் திறந்து பார்க்கும் வகையில் கட்டை அமைப்பார்கள். இதன் பொருட்டே, முறிவுக்கு முதலில் எண்ணெய்க் கட்டுப் போடச் செல்வது இத்தகைய விபத்தில் இரட்டைத் தீங்காகிறது. அங்கே எக்ஸ்ரேயும் இல்லை, தடுப்பூசியும் இல்லை.

எந்தக் காயத்திற்கு எந்தச் சிகிச்சை

நாய்க்கடி மூன்று வகையாகப் பிரிக்கப்படுகிறது. நாயைத் தொட்டது, அல்லது காயமில்லாத தோலை நாய் நக்கியது முதல் வகை, கழுவினால் போதும். தோலை மெல்லப் பற்றியது, குருதி வராத சிறு கீறல் அல்லது சிராய்ப்பு ஆகியவை இரண்டாம் வகை, தடுப்பூசி கட்டாயம். தோலைத் துளைத்த கடி, குருதி வந்த கீறல், திறந்த காயத்தின் மீதோ வாய், கண் போன்ற ஈரச் சவ்வுகளின் மீதோ உமிழ்நீர் பட்டது ஆகியவை மூன்றாம் வகை. தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். விழுந்து சிராய்த்த காலில் எது நாய்க் காயம் என்று தெரியாதபோது மேல் வகையாகக் கொள்வதே பாதுகாப்பு.

இரண்டு மருந்துகள் எதற்கு என்று பலர் கேட்கின்றனர். கிருமி கடிவாயிலிருந்து நரம்பின் வழியே மெல்ல மூளையை நோக்கிச் செல்கிறது. இப்பயணத்திற்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். சில வேளைகளில் சில நாட்களே ஆகலாம், அரிதாக ஓராண்டைக் கடக்கலாம். தடுப்பூசி போட்ட பின் உடல் தானே எதிர்ப்பாற்றலை உருவாக்க ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வாரங்கள் தேவை. அந்த இடைவெளியில் காயத்திலேயே கிருமியை எதிர்க்க, ஆயத்தமாக உள்ள எதிர்ப்பொருளைக் காயத்தினுள்ளும் அதைச் சுற்றிலும் செலுத்துகின்றனர். அதுவே இம்யூனோகுளோபுலின். அளவு உடல் எடையைப் பொறுத்தது. முதல் தடுப்பூசி போட்ட நாளிலேயே அதைப் பெறுவது சிறந்தது. அன்று கிடைக்காவிடில் அடுத்த 7 நாட்களுக்குள் பெறலாம். அதன்பின் அதனால் பயனில்லை. நீங்கள் சென்ற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மருந்து இல்லையெனில், முதல் தடுப்பூசியை அங்கேயே போட்டுக்கொண்டு, பரிந்துரைக் கடிதத்துடன் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லவும். தலை, முகம், கழுத்து, கைவிரல் ஆகியவற்றில் கடிபட்டவர்கள் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி கட்டணமின்றிப் போடப்படுகிறது. தோலினுள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களில், 0.1 மில்லி வீதம் செலுத்துவர். இங்கு 0ஆம் நாள் என்பது முதல் ஊசி போட்ட நாள். கடிபட்ட நாளிலிருந்து கணக்கிட வேண்டாம். திங்கட்கிழமை முதல் ஊசி என்றால், அடுத்தது அவ்வாரம் வியாழன், மூன்றாவது அடுத்த திங்கள், இறுதி ஊசி முதல் ஊசியிலிருந்து நான்கு வாரம் கழித்து வரும் திங்கள். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 என ஐந்து ஊசிகள்.

வழக்கமாக இரு மேற்கைகளிலும் ஊசி போடப்படும். விழுந்ததில் ஒரு கை மாவுக்கட்டில் இருந்தால் தொடையின் முன்பக்கவாட்டிலோ தோள்பட்டை எலும்பின் மேற்பகுதியிலோ போடலாம். இதற்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. புட்டத்தில் மட்டும் போடக் கூடாது. முறிவுக்காக உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவரின் ஊசி நாட்களை உடனிருப்பவர் குறித்து வைத்துக்கொண்டு, வார்டு செவிலியருக்கு நினைவூட்டவும். ஊசிச் சீட்டையும் எக்ஸ்ரே உறையையும் ஒன்றாக வைத்திருப்பது உதவும்.

முன்னரே முழுமையாக இத்தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்கு மீண்டும் நாய் கடித்தால், 0 மற்றும் 3ஆம் நாட்களில் மட்டும் ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கைக்குழந்தைகள், முதியவர்கள் ஆகிய அனைவரும் இத்தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளலாம். விபத்துக் காயம் உள்ளதால் ரணஜன்னித் தடுப்பூசி தேவையா என்பதையும் மருத்துவர் முடிவு செய்வார்.

தொப்புளைச் சுற்றி ஊசியா?

ஊசிக்கு அஞ்சி வராமல் இருப்போர் இன்னும் உள்ளனர். "தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி" என்ற பேச்சுக்கு உண்மையான வரலாறு உண்டு. டேவிட் செம்பிள் 1911இல் கசௌலியில் உருவாக்கிய முறைப்படி, ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து தடுப்பு மருந்து தயாரிக்கப்பட்டது. 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் பல பத்தாண்டுகள் அவ்வகை மருந்தைத் தயாரித்து வழங்கியது. அம்மருந்தை அதிக அளவில், வயிற்றுப் பகுதியில், பல நாட்கள் தொடர்ந்து போட வேண்டியிருந்தது. வலியும் பக்கவிளைவும் மிகுதி. அதன் தயாரிப்பு இந்தியாவில் 2004ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டது. இப்போதைய மருந்து ஆய்வகத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களிலிருந்து பெறப்படுகிறது. தாத்தா பட்ட துன்பத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் பேரனை மருத்துவமனைக்கு அழைத்துவரத் தயங்க வேண்டாம்.

விழுந்த காயத்தில் கவனிக்க வேண்டியவை

மிதிவண்டியிலிருந்து விழுபவர் கையை ஊன்றியே விழுகிறார். ஆகவே மணிக்கட்டு, முழங்கை, காறை எலும்பு ஆகியவை முறிவது இயல்பு. வீக்கம் தொடங்கும் முன்னரே மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடவும். மடித்த நாளிதழை அணைத்துக் கட்டி, துப்பட்டாவாலோ துண்டாலோ கையைத் தொங்கவிட்டு அழைத்துவரலாம். பெருவிரலின் அடிப்பகுதியில் உள்ள குழியை அழுத்தினால் வலி இருந்தும் முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போகலாம். அத்தகையோரை 10 முதல் 14 நாட்களில் மீண்டும் வரச் சொன்னால் தவறாமல் வரவும்.

தலையில் அடிபட்டவர் உடனே எழுந்து பேசினாலும் முதல் 24 மணி நேரம் அவரைத் தனியே விடக் கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத உறக்கம், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் அல்லது குருதி ஒழுகுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதய நோய்க்காகக் குருதி உறையாதிருக்க மாத்திரை உட்கொள்ளும் முதியவர்கள் தலையில் சிறு அடிபட்டாலும், எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், மருத்துவரைக் காண வேண்டும்.

சிறுவர்களிடம் மிகவும் எளிதில் தவறவிடப்படுவது வயிற்றுக் காயம். வண்டி சாயும்போது கைப்பிடியின் முனை திரும்பி வயிற்றில் குத்துகிறது. வெளியே நாணய அளவில் ஒரு வட்டத் தழும்பு மட்டும் இருக்கும். சில வேளைகளில் அதுவும் இராது. உள்ளே மண்ணீரல், கல்லீரல், கணையம், சிறுகுடல் ஆகியவற்றில் ஒன்று சிதைந்திருக்கலாம். வலி சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் மிகும். கைப்பிடி வயிற்றில் பட்ட பிள்ளைக்கு வயிற்று வலி, வாந்தி, வெளிறிய முகம், வயிறு இறுகுதல், தோள்பட்டையில் காரணமற்ற வலி ஆகியவை இருந்தால் உணவு எதுவும் கொடுக்காமல் உடனே அழைத்துவரவும்.

கேரியரில் அமர்ந்து செல்லும் சிறு குழந்தையின் கால் சக்கரக் கம்பிகளில் சிக்குவதும் உண்டு. நாய் வரும்போது குழந்தை காலை உள்ளே இழுத்துக்கொள்வதால் இது நேர்கிறது. சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றி விடுவிக்கவும். காலை இழுக்க வேண்டாம். குதிகால் தோல் அன்று சிவந்திருந்தாலும் அடுத்த சில நாட்களில் கறுத்து இறந்துபோகலாம் என்பதால் மறுபரிசோதனை தேவை. பின்சக்கரத்திற்குப் பாதுகாப்பு வலை பொருத்துவது செலவு குறைந்த ஏற்பாடு.

தமிழ்நாட்டில் சாலை விபத்தில் காயமுற்றோருக்கு, 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், முதல் 48 மணி நேரத்திற்கான உயிர்காக்கும் சிகிச்சை, திட்டத்தில் இணைந்த அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது.

நாய் துரத்தும்போது

வேகமாக நகரும் பொருளைத் துரத்துவது நாயின் இயல்பு. மிதிவண்டி தோன்றிய காலத்திலேயே இத்தொல்லையும் தோன்றியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் மிதிவண்டி ஓட்டுவோர் நாய்களை விரட்டச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதற்கென்றே 'வெலோ-டாக்' என்ற பெயரில் சிறு கைத்துப்பாக்கி விற்கப்பட்டது. அதைவிட நல்ல வழி வேகத்தைக் குறைப்பது. வேகம் குறைந்ததும் துரத்தும் ஆர்வமும் பெரும்பாலும் குறையும். வண்டியை நிறுத்தி, நாய்க்கு எதிர்ப்பக்கமாக இறங்கி, வண்டியை இருவருக்கும் இடையில் வைத்துக்கொள்ளவும். கண்ணை உற்றுப் பார்க்காமல், உரத்த உறுதியான குரலில் "போ" என்று சொல்லி, மெல்ல நகரவும். நாய் தன் எல்லையைக் காப்பதாகவே எண்ணுகிறது. அவ்வெல்லையைக் கடந்ததும் நின்றுவிடும். காலால் உதைப்பது இரு தீங்குகளைத் தரும்: வண்டி நிலைகுலையும், கால் நாயின் வாய்க்கு அருகே செல்லும். கீழே விழுந்துவிட்டால் புத்தகப் பையை முன்னே பிடித்துக்கொள்ளவும். அதுவும் இல்லையெனில் உடலைச் சுருட்டிக் கைகளால் கழுத்தையும் முகத்தையும் மூடிக்கொள்ளவும். குட்டி ஈன்ற நாய் உள்ள தெருவைச் சில வாரங்கள் தவிர்க்கவும்.

பொதுவாகக் கேட்கப்படும் ஐயங்கள்

கடித்தது வீட்டு நாய், அதற்கு ஊசி போட்டிருக்கிறார்கள். நான் போட்டுக்கொள்ள வேண்டுமா? ஆம், தொடங்கிவிடவும். நாயின் ஊசிச் சீட்டை மருத்துவரிடம் காட்டலாம். நாய் 10 நாட்கள் நலமுடன் உயிரோடு இருந்தால், கடித்த நாளில் அது நோயைப் பரப்பும் நிலையில் இல்லை எனக் கொள்ளலாம். எஞ்சிய ஊசிகள் பற்றி மருத்துவர் கூறுவார். 10 நாள் பார்த்துவிட்டு ஊசி தொடங்கலாம் என்று காத்திருப்பது ஆபத்தானது.

தெருநாய், எங்கே போனதென்று தெரியவில்லை. தேட வேண்டாம், சிகிச்சையைத் தொடங்கவும். ஒரே நாய் பலரைக் கடித்தால் பேரூராட்சி அலுவலகத்திலும் கால்நடை மருத்துவமனையிலும் தெரிவிக்கவும்.

பத்தியம் உண்டா? தடுப்பூசிக்காக உணவில் எதையும் விலக்க வேண்டியதில்லை. முட்டை, மீன், இறைச்சி உண்ணலாம், குளிக்கலாம். முறிந்த எலும்பு கூடுவதற்கும் புரதம் மிகுந்த உணவு தேவை.

கடித்து மூன்று வாரம் ஆகிவிட்டது, அப்போது ஊசி போடவில்லை. இன்றே வரவும். அறிகுறிகள் தோன்றாத வரையில் காலம் கடந்துவிட்டதாகக் கருதப்படுவதில்லை.

இடையில் ஓர் ஊசி தவறிவிட்டது. முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நினைவு வந்த நாளிலேயே சென்று தவறிய ஊசியைப் போட்டுக்கொண்டு, அடுத்த நாட்களைச் சீட்டில் புதிதாகக் குறித்து வாங்கவும். எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்ற ஐயம் இருப்பின் 104 என்ற எண்ணை அழைக்கலாம்.